கால்தான் கேட்க மாட்டேங்குது

எங்கள் மாமா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மின்கம்பத்தின் மேலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது என் மகன் கூடத்தில் ஒரு பலகையைப் போட்டு, அவர் கண்ணில் விஆர் ஹெட்செட்டை (கண்முன்னே ஒரு மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவி) மாட்டி, "நடங்க தாத்தா" என்றான். உள்ளே அவருக்குத் தெரிந்தது வானுயர்ந்த கட்டடத்தின் உச்சியும், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையும். இரண்டடி வைத்தார், அப்படியே நின்றுவிட்டார். "கீழ தரைதான்னு தெரியுதுடா, கால்தான் கேக்க மாட்டேங்குது" என்றார்.

இதைவிடத் தெளிவாக நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்! ஆழ்ந்து போகிறவர்களை 'மெய்மறந்தான்' என்போம். இங்கே மெய் எதையும் மறக்கவில்லை, முதலில் ஏமாறுவதே அதுதான். மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர் 2009-இல் இதை இரண்டாகப் பிரித்தார்: 'நான் அங்கே இருக்கிறேன்' என்ற உணர்வு ஒன்று, 'இது நிஜமாகவே நடக்கிறது' என்ற உணர்வு இன்னொன்று. இரண்டுமே, பொய் என்று நன்றாகத் தெரிந்திருக்கும்போதே வருபவை.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், அறை நடுவே ஆழமான குழி இருப்பதுபோல் காட்டி, ஓரத்தில் நிற்பவர்களின் இதயத்துடிப்பை அளந்தார்கள். துடிப்பு ஏறியது. அதோடு விடாமல் காலடியில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு நிஜ மரவிளிம்பு ஒன்றை வைத்தார்கள், இன்னும் ஏறியது. அந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. என் மகன் அதைப் படித்தவனில்லை, ஆனாலும் பலகை போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

சரி, இதனால் என்ன பயன்? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தீக்காய நோயாளிகளுக்குப் புண்ணைச் சுத்தம் செய்வார்கள். மருந்து கொடுத்தும் தாங்க முடியாத வலி. அப்போது ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர்கள் விஆர் வழியாக அவர்களைப் பனிப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் அனுப்பினார்கள், பென்குயின்கள் மேல் பனிக்கட்டி எறிவதுதான் அங்கே வேலை. வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். வலியை உணரவும் கவனம் வேண்டும், இருக்கிற கவனத்தையெல்லாம் பென்குயின் பிடுங்கிக்கொண்டால் புண்ணுக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

மாமாவை மீட்டது குக்கர் விசில். ஒரே சத்தத்தில் கட்டடம் கலைந்துபோக, ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்புறம் சாப்பிடப் போகும்போது அந்தப் பலகையைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.