ஹிட்லர் காலத்து ஸ்விங் ட்ரம்மர் ஃப்ரெடி ப்ராக்ஸீப்பர்

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. இன்னிக்கு பெருசா எடிட்டிங் எதுவும் கிடையாது, உக்காந்து பேசப் போறேன் அவ்வளவுதான், ஏன்னா ரெண்டு வாரமா ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், தூங்கப் போனாலும் அந்த ட்ரம்ஸ் சத்தம் மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது. பேரு ஃப்ரெடி ப்ராக்ஸீப்பர். ஜெர்மன் ஜாஸ் ட்ரம்மர், ஆட வைக்கிற ஸ்விங்ங்கிற ஜாஸ் வகையை வாசிச்சவரு, பின்னாடி சொந்தமா பிக் பேண்டும், அதாவது நிறைய பேர் சேர்ந்து வாசிக்கிற பெரிய ஜாஸ் குழுவும் நடத்தினவரு.

1912ல பொறந்தாரு, எங்கன்னா இஸ்தான்புல்ல. அப்பா ஜெர்மன்காரர், அம்மா கிரேக்கப் பெண்மணி. 1930கள்ல ஜெர்மனியில வாசிக்க ஆரம்பிச்சு பெர்லின் வரைக்கும் வந்துட்டாரு. அவரோட ஹீரோ யாருன்னா அமெரிக்காவுல பென்னி குட்மேன் பேண்டுல வாசிச்ச ஜீன் க்ரூபா. ட்ரம்ஸ் பழகுறவங்களுக்கு இது புரியும், இப்ப பாருங்க, கால்ல பாஸ் ட்ரம் நாலு பீட்டும் விடாம போகுது, ஹை-ஹாட், அதாவது கால்ல மிதிச்சா மூடுற ஜோடித் தட்டு, ரெண்டாவது பீட்லயும் நாலாவது பீட்லயும் மூடுது, ட்ஸ்... ட்ஸ்... இதுக்கு மேல டாம்-டாம்ங்கிற கனமான சத்தம் வர்ற ட்ரம்ல டும்-டும் டகடும், டும்-டும் டகடும்னு உருட்டிக்கிட்டே போகணும். க்ரூபாவுக்கு முன்னாடி ட்ரம்மர்னா பெரும்பாலும் பின்னாடி உக்காந்து தாளத்தைப் புடிச்சு வச்சிருக்கிற ஆளு, அவருதான் ட்ரம்மரை மேடைக்கு முன்னாடி கொண்டு வந்தவரு. அந்த டாம்-டாம் உருட்டலை ஜெர்மனியில அச்சு அசலா புடிச்சவரு நம்ம ப்ராக்ஸீப்பர், ஆனா காப்பின்னு சொல்ல மனசு வரல, கேட்டா தெரியும், அந்த ஸ்நேர்ல, அதாவது சடசடன்னு சத்தம் வர்ற முன் ட்ரம்ல, ஒரு அவசரம் இருக்கு, அது அவருக்கே உரியது.

சரி, இப்பதான் விஷயமே. இவரு நல்லா வாசிச்ச காலம் எது? ஹிட்லர் காலம். 1935லயே ஜெர்மன் ரேடியோவுல ஜாஸ் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, கறுப்பின மக்களோட இசை, யூதர்களோட இசைன்னு அதைக் கேவலப்படுத்தினாங்க. ஹாம்பர்க்ல ஸ்விங் கேட்டு டான்ஸ் ஆடின சின்னப் பசங்களை 1941ல கூட்டமா கைது பண்ணாங்க, அதுல சில பேரு வதை முகாம் வரைக்கும் போனாங்க. எதிரி நாட்டு ரேடியோ கேட்டாலே ஜெயில், அந்தச் சட்டத்துல மரண தண்டனை வரைக்கும் இருந்துச்சு.

அதே நேரத்துல ஹிட்லரோட பிரச்சார அமைச்சர் கோயபல்ஸோட அமைச்சகமே 1940ல ஒரு ஸ்விங் பேண்டை உண்டாக்குது! பேரு சார்லி அண்ட் ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா. சாக்ஸஃபோன்காரர் லுட்ஸ் டெம்ப்ளின் தலைமை, பாடகர் கார்ல் ஷ்வெட்லர், அவருதான் அந்த சார்லி, ட்ரம்ஸ்ல ப்ராக்ஸீப்பர். இது ஜெர்மன் ஜனங்களுக்கு இல்ல, பிரிட்டன்ல இருக்கிறவங்க கேக்கணும்னு ரேடியோவுல ஒலிபரப்பினது. நல்ல பாட்டு கேக்கலாம்னு ட்யூன் பண்ணுவாங்க, அப்படியே விஷத்தையும் ஏத்திடலாம்ங்கிறதுதான் கணக்கு.

எப்படி ஏத்தினாங்கன்னு சொல்றேன். எல்லாருக்கும் தெரிஞ்ச அமெரிக்கப் பாட்டு, முதல் சரணம் ஒழுங்கா, அசல் வரிகளோட, இனிமையா போகும். நீங்க தாளம் போட ஆரம்பிச்சிருப்பீங்க. அடுத்த சரணத்துல வரி மாறிடும், சர்ச்சிலை நக்கல், ரூஸ்வெல்ட்டை நக்கல், யூதர்கள் மேல அசிங்கமான வெறுப்பு. ஹெட்ஃபோன்ல முதல் தடவை அந்த இடம் வந்தப்ப எனக்கு வயித்தைப் புரட்டிடுச்சுங்க, ஏன்னா கீழ ட்ரம்ஸ் மாறவே இல்ல, அதே ஹை-ஹாட், அதே நாலு பீட்டு. வரியில விஷம் ஏறுது, கை அதே அழகோட வாசிச்சுக்கிட்டே இருக்கு.

அந்த பேண்டுல இருந்தவங்க போர்முனைக்குப் போக வேண்டாம், அது பெரிய விஷயம் அந்தக் காலத்துல, உயிர் பிழைக்கிற விஷயம். இத்தாலிக்காரங்க, பெல்ஜியம்காரங்க, ஹாலந்துக்காரங்கன்னு வெளிநாட்டு ஆளுங்களும் நிறைய. இன்னொரு பக்கம் ப்ராக்ஸீப்பர் தன் பேர்லயே சின்ன குழு வச்சு பிரன்ஸ்விக் லேபிளுக்கு ரெக்கார்டும் பண்ணினாரு, போர் நடக்குறப்பவே, எனக்குப் புடிச்சது அதெல்லாம்தான், அதுல அந்த வரிகள் கிடையாது. 1943ல பெர்லின்ல குண்டுவீச்சு அதிகமானதும் சார்லி பேண்டை ஸ்டுட்கார்ட்டுக்கு மாத்திட்டாங்க.

ஆனா அதே 1943ல பெர்லின்ல இன்னொரு பையன், கோகோ ஷூமான், கிட்டாரிஸ்ட், அம்மா யூதர், அவனைப் புடிச்சு தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பறாங்க. அங்க கைதிகளே சேர்ந்து கெட்டோ ஸ்விங்கர்ஸ்னு ஒரு ஜாஸ் பேண்டு வச்சிருந்தாங்க, அதோட ட்ரம்மரை வேற முகாமுக்குக் கொண்டு போயிட்டதால இவன் ட்ரம்ஸ்ல உக்காந்தான். 1944ல அவனை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினாங்க. அங்கயும் வாசிக்க வச்சாங்க. ஒரே ஆட்சி, ஒரே வருஷம், ரெண்டு பேரு கையிலயும் ஸ்டிக், ரெண்டு பேரும் வாசிச்சது ஸ்விங். ப்ராக்ஸீப்பர் கதையைச் சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா அது நியாயமே இல்லைன்னு எனக்குப் படுது.

போர் முடிஞ்சதும் அமெரிக்கப் படை வந்துடுச்சு, சோல்ஜர்களுக்கு கிளப் கிளப்பா ஸ்விங் வேணும், யார்கிட்ட இருக்கு? ஏற்கனவே அந்த அமெரிக்கப் பாட்டையெல்லாம் மனப்பாடமா வச்சிருந்தவங்ககிட்டதான். ப்ராக்ஸீப்பர் ஸ்டுட்கார்ட்ல பிக் பேண்டு வச்சாரு, அப்புறம் சின்னக் குழுக்கள், ம்யூனிக் பக்கம்லாம் வாசிச்சாரு, 1990ல இறந்துட்டாரு. ஷூமானும் உயிரோட பெர்லினுக்குத் திரும்பினாரு, மறுபடியும் கிட்டார் எடுத்தாரு, முகாமைப் பத்தி பல வருஷம் வாயே தொறக்கல, 2018 வரைக்கும் இருந்தாரு.

நேத்து பிராக்டிஸ் பேட்ல அந்த டும்-டும் டகடும் போட்டுப் பார்த்தேன். ப்ராக்ஸீப்பரோட ஸ்பீடுல ரெண்டு நிமிஷத்துக்கு மேல என் கை தாங்கல, அந்தளவுக்குத் திறமை. அந்தத் திறமையைக் கும்பிடத் தோணுது, அந்த ரெண்டாவது சரணத்தை மன்னிக்கத் தோணல, ரெண்டும் எனக்குள்ள அப்படியே இருக்கு. கேக்கறவங்க அவரோட சின்னக் குழு ரெக்கார்டுல இருந்து ஆரம்பிங்க, ஷூமானோட கிட்டாரையும் கையோட கேட்டுடுங்க. சரி மக்களே, பாக்கலாம்.