சொகுசுக் கப்பலின் பாதையை வரைவது யார்?

[திரையில்: உலக வரைபடம். கரீபியன், மத்தியதரைக் கடல், அலாஸ்கா ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

வணக்கம். சொகுசுக் கப்பல் விளம்பரம் எதை எடுத்தாலும் இந்த மூன்று பெயர்கள் வந்துவிடும். அழகான இடங்கள், அதனால் கப்பல் போகிறது என்று நினைப்போம். பாதி உண்மைதான். மீதிப் பாதியில் குளிர்காலமும், வேலையில்லாமல் நின்ற கப்பல்களும், 1886-இல் போட்ட ஒரு சட்டமும் இருக்கின்றன.

முதலில் குளிர்காலம். ஜெர்மனியின் ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனி, ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் கொந்தளிப்பு, டிக்கெட் விற்காது. கப்பலை நிறுத்தி வைத்தாலும் செலவு நிற்காதே! கம்பெனியின் ஆல்பர்ட் பாலின் ஒரு யோசனை செய்தார். 1891 ஜனவரியில், 'அகஸ்டா விக்டோரியா' 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டது. ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காகவே ஒரு பயணம். அது நன்றாகப் போகவே, 1900-இல் சுற்றுலாவுக்கென்றே 'பிரின்செசின் விக்டோரியா லூயிஸ்' என்ற கப்பலையும் கட்டினார்கள். ஆறே வருடத்தில் அது ஜமைக்கா கரையில் தரைதட்டி ஒழிந்தது.

[திரையில்: ஜெட் விமானம் மேலெழுகிறது.]

1958-இல் அட்லாண்டிக்கின் மேல் ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமானதும் பெரிய கப்பல்களுக்கு வேலை போயிற்று. பிரான்ஸ் பெருமையோடு 1962-இல் ஓடவிட்ட 'ஃபிரான்ஸ்' கப்பல் 1974-இல் முடங்கியது. அதை நார்வேக்காரர் க்னூட் க்ளோஸ்டர் 1979-இல் வாங்கி, 'நார்வே' என்று பெயர் மாற்றி மியாமிக்குக் கொண்டுவந்தார். நான்கு உந்துவிசிறிகளில் இரண்டைக் கழற்றியும் விட்டார். தீவுக்குத் தீவு மெதுவாகப் போவதற்கு அத்தனை வேகம் எதற்கு?

இதே க்ளோஸ்டர் 1966-லேயே மியாமியில் கால் வைத்தவர். பிரிட்டனிலிருந்து ஜிப்ரால்டர் பக்கம் ஓட்டக் கட்டிய அவருடைய 'சன்வர்ட்' அங்கே எடுபடவில்லை. மியாமியில் டெட் ஏரிசன் என்பவரிடம் பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. இருவரும் சேர்ந்தார்கள், கப்பல் பஹாமாஸுக்கு ஓடியது. பின்னால் பிரிந்து போன ஏரிசன் 1972-இல் தொடங்கியதுதான் கார்னிவல் என்ற சொகுசுக் கப்பல் கம்பெனி.

ஏன் பஹாமாஸ்? பக்கத்தில் இருக்கிறது, வெயில் அடிக்கிறது. அதோடு, அது வெளிநாடு. இதுதான் முக்கியம்.

[திரையில்: '1886'.]

ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் வெளிநாட்டுக் கப்பல் கொண்டுபோய் இறக்கக் கூடாது. உள்நாட்டுக் கப்பல்காரர்களைக் காப்பாற்ற வந்த சட்டம் இது. இன்றைய பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, பின்லாந்தில் கட்டியவை. பறப்பது பஹாமாஸ், பனாமா, மால்டா கொடி. எல்லாமே வெளிநாட்டுக் கப்பல்தான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினாலும், வழியில் வேறு அமெரிக்கத் துறைமுகங்களில் நின்றால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும்.

சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்வரும் கப்பல் கனடாவின் விக்டோரியாவில், பல சமயம் மாலையில் சில மணி நேரம் மட்டும், நிற்பது இதற்காகத்தான். ஃபுளோரிடாவில் ஏறி பனாமா கால்வாய் வழியாகக் கலிஃபோர்னியாவில் இறங்குவதென்றால் இன்னும் கெடுபிடி: 'தூர' வெளிநாடு ஒன்றைத் தொட வேண்டும். கனடா, மெக்சிகோ, பஹாமாஸ் எல்லாம் பக்கத்துக் கணக்கு. தென் அமெரிக்கா தூரக் கணக்கு. அதனால்தான் இந்தப் பயணங்களில் கொலம்பியாவின் கார்த்தஹேனா அடிக்கடி தென்படுகிறது.

ஹவாயில் இது கூத்தாகவே ஆயிற்று. பக்கத்தில் வெளிநாடே இல்லை. 2001-இல் வந்த 'நார்வீஜியன் ஸ்டார்', 1,500 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே கிரிபாட்டி நாட்டின் ஃபேனிங் தீவு வரை போய்த் திரும்பியது. ஒரு கடற்கரையைத் தொட்டுவர, நாள்கணக்கில் வெறும் கடல்!

2021-இல் கொரோனாவால் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, அலாஸ்கா வியாபாரத்துக்காக அமெரிக்க நாடாளுமன்றம் இந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. கனடா திறந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

[திரையில்: ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் ஒரே ஒரு கோடு.]

இந்தத் தொல்லையே இல்லாத பெரிய கப்பல் ஒன்று உண்டு: 'பிரைட் ஆஃப் அமெரிக்கா'. மிசிசிப்பியில் கட்டத் தொடங்கி, பணமில்லாமல் நின்று, ஜெர்மனியில் முடித்த கப்பல். அங்கேயும் 2004-இல் புயலில் பாதி மூழ்கியது. நாடாளுமன்றம் தனி விலக்குக் கொடுத்ததால் அமெரிக்கக் கொடியோடு 2005-இல் ஓடத் தொடங்கி, இன்றும் ஹொனலூலுவில் ஏறுபவர்களை எந்த வெளிநாட்டுக்கும் கூட்டிப்போகாமல் ஹவாய்த் தீவுகளை மட்டும் சுற்றிக் காட்டுகிறது.