தாமதம் யாருடையது?

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கப் பாடகி லுசிண்டா வில்லியம்ஸைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், இசையிலேயே ஊறிய ஒரு நண்பர் கேட்டார்: “ஒரு ஆல்பம் போட ஆறு வருஷம் எடுத்துக்கிட்டவங்கதானே?” அவரைப் பற்றி ரொம்பப் பேர் அறிந்த செய்தி அதுதான். எதிலும் திருப்தி வராதவர், கூட வேலை செய்கிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிறவர் என்று ஒரு பெயர் அவருக்கு. அந்தப் பெயரைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். 1953இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மில்லர் வில்லியம்ஸ் கவிஞர், கல்லூரி ஆசிரியர். 1997இல் கிளின்டன் இரண்டாம் முறை பதவியேற்ற விழாவில் கவிதை வாசித்தவர். அப்பாவுக்கு எங்கே வேலையோ அங்கேதான் வீடு. ஜார்ஜியா, லூசியானா, ஆர்கன்சா, நடுவில் சிலி, மெக்சிகோ என்று மூட்டை முடிச்சோடு அலைந்த பிள்ளைப் பருவம். ஜார்ஜியாவில் அப்பா எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானரைப் பார்க்கப் போனால், பெரியவர்கள் இலக்கியம் பேசிக்கொண்டிருக்க, இந்தச் சிறுமி அந்த வீட்டு மயில்களை விரட்டிக்கொண்டு திரிவாளாம்.

அவர் பாடுவது ரூட்ஸ் ராக். கன்ட்ரி, ப்ளூஸ், நாட்டுப்புறப் பாட்டு, ராக் எல்லாம் ஒன்றோடொன்று கலந்த, அமெரிக்கத் தென் மாநிலங்களின் வாசனை வீசும் இசை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எந்த அலமாரியில் வைத்து விற்பது? 1980களில் ஒரு பெரிய கம்பெனி இவர் பாட்டைக் கேட்டது. லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகம் ‘ராக்குக்கு இது ரொம்பக் கன்ட்ரி’ என்றது. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இருந்த அலுவலகம் ‘கன்ட்ரிக்கு இது ரொம்ப ராக்’ என்றது. கடைசியில் கைகொடுத்தது பங்க் என்ற முரட்டு ராக் இசைக்குப் பேர்போன ரஃப் ட்ரேட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. 1988இல் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு அந்த ஆல்பம் வந்தது. அதிலிருந்த ஒரு பாட்டைப் பின்னால் கன்ட்ரி பாடகி மேரி சேப்பின் கார்பென்டர் பாடி ஹிட் ஆக்க, அதை எழுதியதற்காக 1994இல் லுசிண்டாவுக்கு கிராமி கிடைத்தது. அதுவும் கன்ட்ரி பிரிவில்! நாஷ்வில் அலுவலகத்தில் அப்போது யார் உட்கார்ந்திருந்தார்களோ, பாவம்.

சரி, தாமதக் கணக்குக்கு வருவோம். ரஃப் ட்ரேட் 1991இல் திவாலானது. அடுத்து வந்த கமீலியன் 1992இல் ‘ஸ்வீட் ஓல்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு, சீக்கிரமே கடையைக் கட்டியது. அப்புறம் தயாரிப்பாளர் ரிக் ரூபினின் அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ். அங்கே அந்தக் கம்பெனிக்கே விநியோகச் சிக்கல். கடைசியில் மெர்க்குரி வாங்கி 1998 ஜூன் 30 அன்று வெளியிட்டதுதான் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்’. ஆக, அந்த ஆறு வருடத்தில் கணிசமான பங்கைக் கம்பெனிகள் பேரில் எழுத வேண்டும். பத்திரிகைக்காரர்கள் மொத்தத்தையும் பாடகி பேரில் எழுதினார்கள். திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறவர் ஆணாக இருந்தால் மேதை என்பார்கள்; பெண் என்றால் பிடிவாதக்காரி.

மிச்சம் அவருடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை. 1995இல் ஆஸ்டினில் பதிவு தொடங்கியது. தயாரிப்பாளர் கர்ஃப் மோர்லிக்ஸ், பத்து வருடத்துக்கு மேல் அவரோடு கிட்டார் வாசித்தவர். வேலை பெருமளவு முடிந்திருந்த சமயத்தில், பாடகர் ஸ்டீவ் எர்ல் தன் ஆல்பத்தில் ஒரு ஜோடிப் பாட்டுக்கு இவரை அழைத்தார். பாடிவிட்டுக் கேட்டால், தன் குரல் அந்தப் பதிவில் விழுந்திருந்த விதம் அவ்வளவு பிடித்துவிட்டது. அது ஏன் என் ஆல்பத்தில் இல்லை என்ற கேள்வி வந்துவிட்டால் அப்புறம் தூக்கம் வருமா? எர்லையும் அவருடைய தயாரிப்புக் கூட்டாளி ரே கென்னடியையும் வைத்து நாஷ்வில்லில் மறுபடி பதிவு. மோர்லிக்ஸ் விலகிவிட்டார், அவர் பக்கமும் நியாயம் உண்டு. எர்லோடும் உரசல். கடைசிக் கட்ட வேலை லாஸ் ஏஞ்சலஸில், ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்டில் கீபோர்ட் வாசிக்கும் ராய் பிட்டனோடு நடந்தது.

குரலுக்காக இத்தனை பாடா என்று கேட்கலாம். அந்தத் தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியாவின் மேக்கன் ஊரில் ஒரு வீட்டுச் சமையலறை, ரேடியோவில் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின், காபி வாசம், சரளைக் கல்லில் கார்ச் சக்கரம் உருளும் சத்தம். காரின் பின் சீட்டில் நாலைந்து வயதுக் குழந்தை, முகத்தில் புழுதியும் கண்ணீரும். பெரியவர்களுக்குள் என்ன சண்டை, ஏன் கிளம்புகிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. சொல்லாமல் விட்டதையெல்லாம் குரல்தான் சுமக்க வேண்டும். சுத்தமாக, அழகாகப் பாடிவிட்டால் பாட்டு செத்துவிடும். இதைக் கேட்டுவிட்டு மில்லர் வில்லியம்ஸ் மகளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குழந்தை தான்தான் என்பது அப்பா சொன்ன பிறகுதான் தனக்கே உறைத்தது என்று லுசிண்டா சொல்லியிருக்கிறார்.

ஆல்பம் அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளைத் தாண்டியது, 1999இல் கிராமி வாங்கியது. இந்தத் தடவை சமகால ஃபோக், அதாவது நாட்டுப்புற இசைப் பிரிவில். அலமாரிப் பிரச்சினை தீரவே இல்லை.

இப்போது 2020 நவம்பர். நாஷ்வில்லில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கம் ரத்தக் கட்டி, இடப்பக்க உடம்பு பாதிப்பு. கிட்டாரில் கம்பிகளை அழுத்திப் பிடிப்பது இடது கை. வாழ்நாள் முழுக்கக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டே பாட்டெழுதியவர் அவர். அடுத்த வருடமே மேடையேறிப் பாடினார், கிட்டார் இல்லாமல். புதுப் பாட்டுகளைக் கணவர் டாம் ஓவர்பி, ஜெஸ்ஸி மாலின், டிராவிஸ் ஸ்டீஃபன்ஸ் ஆகியோரோடு சேர்ந்து எழுதினார். ஸ்பிரிங்ஸ்டீனும் அவர் மனைவி ஸ்கியால்ஃபாவும் பின்னணி பாடினார்கள். தயாரிப்பில் ஓவர்பியோடு நின்றவர் அதே ரே கென்னடி. ‘ஸ்டோரீஸ் ஃப்ரம் எ ராக் அண்ட் ரோல் ஹார்ட்’ 2023 ஜூன் 30 அன்று வெளியானது. ‘கார் வீல்ஸ்’ வெளியாகி சரியாக 25 வருடம், தேதிகூட மாறவில்லை. அவருக்கு வயது 70.

யாரோடும் ஒத்துப்போக மாட்டார் என்று பெயர் வாங்கியவர், ஒரு கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு செய்த ஆல்பம் இது. ‘கார் வீல்ஸ்’ உயரத்துக்கு இது வருமா? வராது என்பது என் கருத்து. சில பாட்டுகளில் வரிகள் சாதாரணம். பேண்டை மறுபடி கூட்டுவோம் என்கிற முதல் பாட்டு உற்சாகமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ‘வேர் த சாங் வில் ஃபைண்ட் மீ’ என்ற பாட்டில், பாட்டு தன்னைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கும்போது, 1995இல் அவர் எதற்காக அடம் பிடித்தாரோ அது அப்படியே இருக்கிறது.

பேசியது போதும். இரண்டு பாட்டுகளை வரிசையாகப் போடச் சொல்லியிருக்கிறேன், முதலில் 1998, பிறகு 2023. ஆங்கில வரிகள் முழுக்கப் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் குரலை எப்படித் தளரவிடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். சவுண்ட் தம்பி, போடலாம்.