ரவுட்டரின் காலி ஸ்லாட்டில் எந்தக் கார்டு பொருந்தும்?

வணக்கம். ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் அலுவலகத்தில் சிஸ்கோ 2911 ரவுட்டரை எடுத்துவிட்டு 4331 வைத்திருக்கிறார்கள். பழையதில் இருந்த சீரியல் கார்டைப் புதியதில் போடப் பார்த்தேன், உட்காரவில்லை. கொஞ்சம் அழுத்திப் பொருத்தலாமா? இன்னொன்று, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் மூன்றே போர்ட்தான் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் காலியாக விட்டிருக்கிறார்களே, ஏன்?"

முதல் வேலையாக, அழுத்தாதீர்கள். சீரியல் லைனை, அதாவது பழைய வகை வாடகை லைனை, இணைக்கும் அந்தக் கார்டு அந்த ஸ்லாட்டுக்கு உரியது அல்ல. பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் பின்கள் வளையும். அதன்பிறகு சரியான கார்டை வாங்கிப் போட்டாலும் வேலை செய்யாது.

உங்கள் சந்தேகம் நியாயமானது. 1990களின் கடைசியில் 2600 வரிசை ரவுட்டர்களில், வெளி லைன்களை இணைக்க 'விக்' (WIC) என்ற சிறிய கார்டுகள் இருந்தன. 2004-இல் 2800 வரிசை வந்தபோது ஸ்லாட் 'எச்-விக்' ஆனது. பழைய விக் கார்டுகள் பலவும் அதில் பொருந்தின. 2009-இல் உங்கள் 2911 இருக்கும் 2900 வரிசை வந்தது. ஸ்லாட்டின் பெயர் 'ஈ-எச்-விக்' என்று மாறியது. எச்-விக் கார்டுகளை அதுவும் ஏற்றுக்கொண்டது. இப்படிப் புதிய பெட்டியில் பழைய கார்டைப் போட்டே பழகிவிட்டோம். 2013-இல் 4451 மாடலோடு தொடங்கிய 4000 வரிசையில்தான் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. இதில் இருப்பவை 'நிம்' (NIM) ஸ்லாட்டுகள். அளவும் வேறு, பின்புற இணைப்பியும் வேறு. எச்-விக் கார்டை இதில் போட அடாப்டரும் கிடையாது.

ஏன் அறுத்தார்கள் என்றால், காரணம் ஸ்லாட்டுக்குப் பின்னால் ஓடும் பாதை. வெளியே தெரியும் துளையை மட்டும் பார்க்காதீர்கள். எச்-விக் ஸ்லாட்டின் பாதை ஒரு திசைக்கு 400 எம்பிபிஎஸ் அளவுக்குத்தான் தாங்கும். நிம் ஸ்லாட்டுக்கு 2 ஜிபிபிஎஸ் வரை, பெரிய கார்டுகளுக்கான எஸ்எம் (SM) ஸ்லாட்டுக்கு 10 ஜிபிபிஎஸ் வரை பாதை விட்டிருக்கிறார்கள். அதோடு, இந்த ரவுட்டர்களுக்குள் ஒரு ஸ்விட்ச் பின்னல் இருக்கிறது. ஒரு மாட்யூலில் (அதாவது கார்டில்) இருந்து இன்னொரு மாட்யூலுக்குப் போகும் போக்குவரத்து, செயலியைத் தொந்தரவு செய்யாமல் அந்தப் பின்னல் வழியாகவே போய்விடும். பழைய கார்டுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இதையெல்லாம் செய்வது கடினம்.

இப்போது 4331-இன் முகத்தைப் பார்ப்போம். மூன்று கிகாபிட் போர்ட்டுகள். 0/0/0 என்ற போர்ட்டில் சாதாரண ஆர்ஜே-45 வாயும் ஃபைபருக்கான எஸ்எஃப்பி வாயும் சேர்ந்தே இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம். 0/0/1-இல் ஆர்ஜே-45 மட்டும். 0/0/2-இல் எஸ்எஃப்பி மட்டும். இவை தவிர நிர்வாகத்துக்கென்றே தனியாக ஒரு போர்ட், கணினியை நேரடியாக இணைத்துக் கட்டளை கொடுக்கும் கன்சோல் போர்ட், மோடம் இணைக்கும் ஆக்ஸ் போர்ட். இரண்டு நிம் ஸ்லாட், ஒரு எஸ்எம் ஸ்லாட். மூடியைக் கழற்றினால் மதர்போர்டில் தொலைபேசிக் குரலைக் கையாளும் டிஎஸ்பி கார்டு போடுவதற்கு ஓர் இடமும் இருக்கும்.

மூன்று போர்ட் ஏன் போதும்? கணினிகளை வரிசையாகச் செருகுவது ஸ்விட்ச்சின் வேலை. ரவுட்டருக்குள் வருவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளும், ஸ்விட்ச்சுக்குப் போகும் ஒரு கேபிளும்தான். அந்த வெளி இணைப்பு எந்த வடிவில் வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் ஈதர்நெட், ஓரிடத்தில் சீரியல், தொலைபேசிக்கு 30 குரல் சேனல் தரும் ஈ1 பிஆர்ஐ, மாற்று ஏற்பாடாக எல்டிஇ எனும் மொபைல் இணைப்பு. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றால், வாங்குபவர் தனக்குத் தேவையில்லாத பாதிக்கும் பணம் கட்டுவார். அதனால்தான் இடத்தை மட்டும் விட்டு, கார்டை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

ஆகவே கார்டு தேடுவதற்கு முன்னால், இணைய சேவை தருபவரிடம் "லைனை எந்த வடிவில் தருவீர்கள்?" என்று கேளுங்கள். ஈதர்நெட் அல்லது ஃபைபர் என்றால், ஏற்கெனவே இருக்கும் போர்ட்டுகளே போதும், கார்டே வேண்டாம். இன்னும் சீரியல்தான் என்றால் நிம்-2டி போன்ற கார்டு வாங்க வேண்டும். இதைக் கேட்காமல் கார்டு வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வேகத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று கிகாபிட் போர்ட் இருப்பதால் 4331 மூன்று கிகாபிட் கடத்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியைப் பிரித்ததும் அதன் மொத்தக் கடத்தல் திறன் 100 எம்பிபிஎஸ்தான். பர்ஃபார்மன்ஸ் லைசென்ஸ் போட்டால் 300. அதற்கு மேல் வேண்டுமென்றால் பூஸ்ட் லைசென்ஸ். லைன் 200 எம்பிபிஎஸ் வாங்கியிருக்கிறோம், பாதிதான் வருகிறது என்று புகார் வந்தால், கேபிளை மாற்றுவதற்கு முன் லைசென்ஸைப் பாருங்கள்.

நினைவகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். ரோமில் பெட்டியை எழுப்பும் சிறு நிரல். ஃபிளாஷில் இயங்குதளம். கரண்ட் போனாலும் அழியாத என்விராமில் சேமித்து வைத்த கான்ஃபிகரேஷன், அதாவது ரவுட்டரின் அமைப்புகள். ராமில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகரேஷன். சேமிக்காமல் கரண்ட் போனால் அது போய்விடும். 4331-இல் ராமும் ஃபிளாஷும் தலா 4 ஜிபியோடு வரும், 16 வரை கூட்டலாம்.

கார்டு மாற்றும் முறைக்கு வருகிறேன். 2911-இல் ஈ-எச்-விக் கார்டை எடுக்க ரவுட்டரை அணைத்தே ஆக வேண்டும். 4331-இல் ஓடும்போதே எடுக்கலாம், ஆனால் சட்டென்று உருவக்கூடாது. 'ஹெச்டபிள்யூ-மாட்யூல் சப்ஸ்லாட் 0/1 ஸ்டாப்' என்ற கட்டளை கொடுத்து (0/1 என்பது முதல் நிம் ஸ்லாட்) அந்த ஸ்லாட்டை நிறுத்திய பிறகு எடுங்கள். கையில் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். கார்டு இல்லாத ஸ்லாட்டைத் திறந்து விடாதீர்கள், மூடித் தகட்டைத் திருகி வையுங்கள். அது அழகுக்காக வைத்தது அல்ல. ஸ்லாட் திறந்திருந்தால் மின்விசிறி இழுக்கும் காற்று அந்த வழியாகவே வந்து போய்விடும், செயலி மேல் படாது. போட்டு முடித்ததும் 'ஷோ பிளாட்ஃபார்ம்' கொடுத்து, கார்டுக்கு நேரே 'ஓகே' என்று வருகிறதா பாருங்கள்.

நிம் கார்டுக்குச் செலவழித்தால் வீணாகுமோ என்று தயங்க வேண்டாம். அடுத்து வந்த கேட்டலிஸ்ட் 8300 வரிசையிலும் நிம் ஸ்லாட் இருக்கிறது. அதன் மாடல் பெயரிலேயே எழுதியிருப்பார்கள்: '1என்1எஸ்' என்றால் ஒரு நிம், ஒரு எஸ்எம். '2என்2எஸ்' என்றால் இரண்டு இரண்டு. ஆனால் எல்லா நிம் கார்டும் அதில் ஓடாது, ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் அலுவலகத்துக்கு வரும் லைன் எந்த வடிவம் என்று விசாரித்து எழுதுங்கள். கார்டு தேவையா, தேவையென்றால் எது என்று பெயரோடு சொல்கிறேன்.