நாணயம்: ராபர்ட் மாரிஸ் கதை

வணக்கம் நேயர்களே. நம்ம தெருக் கடைக்காரரை "நாணயமான ஆளு"ன்னு சொல்றோம் பாருங்க, கையில இருக்கற காசுக்கும் நாணயம், சொன்ன சொல்லைக் காப்பாத்தறதுக்கும் நாணயம்தான். பேங்க்ல கடன் பிரிவுல முப்பது வருஷம் உக்காந்தவன் நான், இந்த வார்த்தை காதுல விழுந்தாலே எனக்கு ஞாபகம் வர்றது, அமெரிக்க சுதந்திரப் போருக்குப் பணம் தேடிக் குடுத்த வியாபாரி ராபர்ட் மாரிஸ்.

1734ல லிவர்பூல்ல பொறந்தவர். சின்னப் பையனா அமெரிக்கா வந்து, பிலடெல்பியாவுல ஒரு வியாபாரிகிட்ட வேலை கத்துக்கிட்டு, 23 வயசுல அந்த வீட்டுப் பிள்ளை தாமஸ் வில்லிங்கோட கூட்டு சேர்ந்துட்டார். கப்பல், சரக்கு எல்லாம். அடிமைகளையும் வித்தாங்க, அதை மறைச்சுட்டு இவர் கதையைச் சொல்லக்கூடாது. பிரிட்டன்கிட்ட இருந்து பிரியணும்னு காங்கிரஸ் சபையில 1776 ஜூலை 2 வந்த சுதந்திரத் தீர்மானத்துல, சபை உறுப்பினரா இருந்த இவர் ஓட்டுப் போடாம ஒதுங்கி நின்னார், இது சரியான நேரம் இல்லைன்னு நெனச்சவர், ஆனா ஆகஸ்ட்ல சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டுட்டார்.

அப்ப அரசாங்கம் அடிச்ச நோட்டுக்கு மதிப்பே இல்ல. ஒரு வண்டி பணம் குடுத்தாலும் ஒரு வண்டி சாமான் கிடைக்காதுன்னு அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டனே 1779ல எழுதியிருக்கார். 1781ல மாரிஸை நிதிப் பொறுப்புல உக்கார வெச்சாங்க. அவர் தன் பேர்லயே நோட்டு எழுதிக் குடுத்தார், நான் தர்றேன்னு, ஜனங்க வாங்கிக்கிட்டாங்க! நாட்டோட பேரை நம்பாதவங்க ஒரு வியாபாரியோட பேரை நம்பினாங்க, அதான் நாணயம்.

அந்த வருஷம்தான் யார்க்டவுன் போர். வடக்குல இருந்து நடந்து வந்த சிப்பாய்ங்களுக்கு ரொம்ப நாளா சம்பளமே இல்ல, முணுமுணுப்பு, ஒரு மாசச் சம்பளமாவது குடுங்கன்னு வாஷிங்டன் மாரிஸுக்கு மேல மேல எழுதறார். கஜானா காலி. மாரிஸ், அமெரிக்காவுக்குத் துணையா வந்த பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போகிட்ட போய், திருப்பித் தர்றேன்னு வாக்குக் குடுத்து, 20,000 டாலர் வெள்ளிக்காசு கடன் வாங்கறார். மேரிலாந்துல ஹெட் ஆஃப் எல்க்னு ஒரு ஊர், அங்க பீப்பாய் மூடியைத் தட்டித் தெறந்து, சிப்பாய்ங்க கண்ணு முன்னாடி வெள்ளிக்காசைக் கொட்டினாங்கன்னு சொல்வாங்க. 1776க்கு அப்புறம் பணம்னு சொல்லிக்கற மாதிரி கைக்கு வந்த சம்பளம் அதான்னு அந்தப் படையில இருந்த ஒரு சிப்பாயே பின்னாடி எழுதி வெச்சிருக்கார். எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் காசுச் சத்தம் என் காதுல கேக்கும். அக்டோபர் 19, யார்க்டவுன்ல பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரண்டர்.

நேரம் ஆயிடுச்சுன்னு கை காட்டறாங்க, மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். 1789ல செனட்டர். அப்புறம் நிலம் மேல ஆசை, கடன் வாங்கி வாங்கி லட்சக்கணக்கான ஏக்கர், விலை ஏறல, 1798ல கடனுக்காக ஜெயில். அதே வருஷம் வாஷிங்டன் பிலடெல்பியா வந்தப்ப அந்த ஜெயிலுக்கே போய் அவரோட உக்காந்து சாப்பிட்டார். 1801ல விடுதலை, 1806ல காலமானார். நன்றி, வணக்கம்.