வெள்ளியை எடை போடுறதுக்கு முன்னாடி விளிம்பைப் பாருங்க

வணக்கம் மக்களே. மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில நின்னு பேசுறேன். பின்னாடி தெரியுறது பூராம் நகைக்கடை. இந்த வீதியிலயும் இதை ஒட்டின சந்துகள்லயும் பழைய வெள்ளி எடுக்குறவங்க இருக்காங்க. கொலுசு வரும், அரைஞாண் வரும், குங்குமச் சிமிழ் வரும். எப்பவாச்சும் அந்தக் குவியலோட ஒரு மெடல் வரும். முதல் உலகப்போர் மெடல். தராசுல வெப்பாங்க, அன்னைக்கு வெள்ளி விலை என்னவோ அதைக் கையில கொடுத்துருவாங்க, சாயங்காலம் பட்டறைக்குப் போய் உருகிரும். கடைக்காரரைக் குத்தம் சொல்ல முடியாது. அவர் வாங்குறது வெள்ளி. கொண்டுவந்து கொடுக்குறது நாமதான். இருங்க, இந்த ஆட்டோ போயிரட்டும்.

சரி, வீட்டுக்கு வந்துட்டேன். இங்கதான் சத்தமில்லாம காட்ட முடியும்.

இந்தா, இதுதான் அந்த வெள்ளி மெடல். பிரிட்டிஷ் வார் மெடல்னு பேரு. 36 மில்லிமீட்டர் அகலம். ஒரு பக்கம் அஞ்சாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரை மேல ஒரு ஆள், குதிரைக் காலுக்குக் கீழ கழுகு போட்ட கேடயம், ஒரு மண்டை ஓடு. ஓரத்துல 1914, 1918. உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேல கொடுத்தது இது, அதனால சேகரிக்கிறவங்க மத்தியில அபூர்வம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை எகிறுனப்ப எக்கச்சக்கமா உருக்கிட்டாங்க. அபூர்வமா இல்லையாங்கிறதை விடுங்க, இப்ப மெடலைத் திருப்பி நிக்க வெச்சு ஓரத்தைக் காட்டுறேன். பக்கத்துல வாங்க. தெரியுதா எழுத்து?

முதல்ல ஒரு எண். அடுத்து பதவி, சிப்பாய்னு இருக்கு. அப்புறம் பேர். கடைசியா படைப்பிரிவு, 61-ஆவது பயனியர்ஸ். பேர் இருக்குற இடத்துல மட்டும் என் விரல் இருக்கு, அதை வேணும்னுதான் வெச்சிருக்கேன். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இந்த ஓரத்து எழுத்துக்கு ஏன் இம்புட்டு அலையுறேன்னு நிறையப் பேர் கேக்குறீங்க. ஈராக்குல பஸ்ராவுல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. மெசபடோமியாவுல, அதான் இன்னைய ஈராக் பக்கம், செத்து, கல்லறை தெரியாமப் போன 40,000 பேருக்கும் மேல அதுல சேர்த்தி. ஆங்கிலேயச் சிப்பாய்னா பேரோட செதுக்குனாங்க. இந்தியர்ல அதிகாரிகளுக்குப் பேர் இருக்கு, சாதாரணச் சிப்பாய்க்கு இல்லை. இந்த ரெஜிமெண்ட்ல இத்தனை பேர்னு ஒரு எண்ணிக்கை, அம்புட்டுதான். இந்த வேறுபாட்டுக்கு 2021-ல காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே மன்னிப்புக் கேட்டுச்சு. அங்க கல்லுல வராத நம்ம ஊர்ச் சிப்பாய் பேரு, இந்த மாதிரி மெடல் ஓரத்துலதான் இருக்கு. பொறந்த ஊர்ல அவருக்குக் கல்வெட்டு கிடையாது, போட்டோ எடுத்திருக்க மாட்டாங்க. அந்த எழுத்தோட சேர்த்துத்தான் பட்டறையில உருகுது. எனக்கு இது தாங்கலை.

இப்ப இந்த மனுசரைப் பத்தி. மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டுச் சாமானோட வந்தது. நல்ல வேளையா தனியா வரலை, மூணும் சேர்ந்து வந்துச்சு. வெள்ளி ஒண்ணு. இது வெண்கலம், விக்டரி மெடல், ரெக்கை வெச்ச தேவதை நிக்குது பாருங்க. நிக்குதுன்னுதான் சொல்லணும், முகமே இல்லை, மழுமழுன்னு இருக்கு. பொங்கலுக்குப் பொங்கல் பித்தளைப் பாத்திரத்தோட போட்டுப் புளி வெச்சுத் தேய்ச்சிருக்காங்க. வெள்ளிக்கு விபூதி, வெண்கலத்துக்குப் புளி, மரியாதையா நெனைச்சுத்தான் தேய்ச்சிருப்பாங்க. ஆனா ஓரத்து எழுத்தும் அதோட போயிரும். உங்க வீட்டுல மெடல் இருந்தா தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. கறுத்துப்போய் இருக்கட்டும். பஞ்சுத் துணியில சுத்தி வைங்க, போதும்.

மூணாவதுதான் முக்கியம். இந்த நட்சத்திரம். குறுக்கே ரெண்டு வாள், நடுவுல 1914-15னு எழுதியிருக்கு, மேல ஒரு கிரீடம். இதுக்கு ஓரத்துல எழுத இடம் கிடையாது, பின்பக்கம்தான் பேர் போடுவாங்க. அதே எண், அதே பேர். இந்த ஸ்டார் எல்லாருக்கும் கிடைக்காது. 1915 டிசம்பர் 31-க்குள்ள ஒரு போர்முனைக்குப் போயிருந்தாத்தான். இது இல்லாம வெள்ளி மட்டும் கிடைச்சிருந்தா, இவர் 1918-ல போனாரா முன்னாடியே போனாரான்னு சொல்ல வழியில்லை. ஒரு வியாபாரி ஒருதடவை இப்படி ஒரு செட்டைப் பிரிச்சு மூணு பேருக்கு வித்ததை நான் பாத்திருக்கேன். அந்தச் சிப்பாயோட கதை அன்னைக்கே மூணு துண்டாயிருச்சு. சேகரிக்கிற தம்பிகளுக்குச் சொல்றேன், செட்டைப் பிரிக்காதீங்க. காசு குறையுதுன்னா வாங்காம விட்டுருங்க.

61-ஆவது பயனியர்ஸ் மதராஸ் ராணுவத்துப் பழைய பிரிவு. பயனியர்னா ரோடு போடுறது, பதுங்குகுழி வெட்டுறது, துப்பாக்கியோட சண்டைக்கும் போறது. 1914 நவம்பர் ஆரம்பத்துல இவங்களை இன்னைக்குத் தான்சானியாவுல இருக்குற டாங்காங்கிற துறைமுகத்துல இறக்குனாங்க. நம்ம பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி, 63-ஆவது, அவங்களும் அதே சண்டையில. கிட்டத்தட்ட 8,000 பேர் இந்தப் பக்கம், எதிர்ல ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கோட ஆள்கள் ஏறக்குறைய 1,000 பேர். ஆனா அவங்களுக்கு அந்தக் காடு தெரியும். இவங்க கப்பல்ல வாரக்கணக்கா வதங்கிப் போய் இறங்குனவங்க. 61-ஆவதும் 13-ஆவது ராஜ்புத்தும்தான் மூணாம் தேதி காலையில முதல்ல ஊரை நோக்கிப் போனாங்க, அடி வாங்கித் திரும்புனாங்க. மறுநாள் பெரிய சண்டையில துப்பாக்கிச் சத்தத்துக்குக் காட்டுத் தேனீ கிளம்பி ரெண்டு பக்கத்து ஆள்களையும் கொட்டுச்சு. இங்கிலீஷ்ல எழுதுறவங்க இதைத் தேனீச் சண்டைன்னே பேர் வெச்சுட்டாங்க. அஞ்சாம் தேதி எல்லாரையும் திரும்பக் கப்பல்ல ஏத்திட்டாங்க, தோல்வி.

மேலூர்க்காரர் அந்தக் கடற்கரையில நின்னாரா? நட்சத்திரம் அதைச் சொல்லாது. பட்டாலியன் கூடவே போயிருக்கலாம், 1915-ல ஆள் நிரப்ப அனுப்புன கூட்டத்துல போயிருக்கலாம். ஒரு போர்முனைக்கு 1915 முடியறதுக்குள்ள போனார்ங்கிற வரைக்கும்தான் இந்த உலோகம் சாட்சி. தேனீ கொட்டுச்சுன்னு கதை கட்டி வீடியோ போட்டா நிறையப் பேர் பாப்பாங்க, ஆனா அது அவருக்குச் செய்ற துரோகம்.

தேடுறது எப்படின்னு கேக்குறவங்களுக்கு வெரசாச் சொல்லிடுறேன். அந்தக் காலத்துல எண் ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் தனித்தனி, அதனால எண்ணை மட்டும் வெச்சுத் தேடாதீங்க, பிரிவையும் சேருங்க. எழுத்துக்கூட்டலை நம்பாதீங்க, கிளார்க் காதுல விழுந்ததை எழுதியிருப்பார். போர்ல இறந்தவர்னா போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல தேடலாம், சிலருக்கு அப்பா பேரும் ஊர் பேரும்கூட இருக்கும். லாகூர் அருங்காட்சியகத்துல 3 லட்சத்துக்கும் மேல பேர் உள்ள பதிவேடு கிடைச்சதுன்னு நியூஸ் பாத்துட்டுச் சிலர் மெசேஜ் போடுறீங்க. அது பஞ்சாப் சிப்பாய்களுக்கு உள்ளது, நம்ம பக்கத்து ஆள் அதுல வரமாட்டார். மதராஸ் சாப்பர்ஸ்னா, அதாவது ராணுவப் பொறியாளர் பிரிவுன்னா, பெங்களூர்ல இருக்குற அவங்க மையத்துல கேளுங்க, மதராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன் மையத்துல. 1965, 1971 மெடல்னா இன்னும் சுலபம், வீட்டுல பென்ஷன் புக்கும் டிஸ்சார்ஜ் புக்கும் இருக்கும். மதுரையிலயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, அங்க போய்க் கேளுங்க.

ரெண்டாம் உலகப்போர் மெடல் வெள்ளி கிடையாது, அதனால பட்டறைக்குத் தப்பிச்சுருது. பழைய இரும்புக் கடையில பர்மா ஸ்டார் கிடக்கும். பிரிட்டிஷ்காரருக்குக் கொடுத்த ஸ்டார்ல பேரே போடலை, வெறும் முதுகு. நம்ம சிப்பாய்க்குக் கொடுத்ததுல பேர் போட்டாங்க. திருப்பிப் பாருங்க, இருக்கும். இத்தாலிக்குப் போனவங்க மெடல் கிடைக்கும்போதெல்லாம் எனக்கு சுபேதார் சுப்ரமணியன் ஞாபகம் வரும். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஓட்டிவாக்கத்துக்காரர், மதராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24-ல இத்தாலியில மிக்னானோவுல கண்ணிவெடி மேல தானே விழுந்து கூட இருந்தவங்களைக் காப்பாத்துனவர். துணிச்சலுக்குக் கொடுக்குற பெரிய விருதான ஜார்ஜ் கிராஸ் வாங்குனவர் அவர். அவர் பேர் வரலாத்துல நின்னுருச்சு. அன்னைக்குப் பின்னாடி நின்னு உயிர் பொழைச்சு ஊருக்கு வந்தாங்களே, அவங்க மெடல் எங்க இருக்கு? அதைத்தான் நான் தேடுறேன்.

இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரங்க நல்ல விலைக்குக் கேக்குறாங்கன்னு கொரியர் போட்டுறாதீங்க. நூறு வருஷம் தாண்டின வரலாத்துப் பொருளைத் தனி ஆள் நாட்டை விட்டு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. முதல் உலகப்போர் மெடலுக்கு இப்ப அந்த வயசு ஆயிருச்சு.

இப்ப என் விரலுக்கு வாரேன். பேரை ஏன் மறைக்கிறேன்னா, சொல்லிட்டா எங்க தாத்தாதான்னு பல பேர் வருவாங்க. அதனால நீங்க சொல்லுங்க. மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கம் யார் வீட்டுலயாவது, "எங்க பாட்டனார் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல்ல போனவர், பயனியர் பட்டாளம்"னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருந்தா, அவர் பேரையும் அவங்க அப்பா பேரையும் எனக்குத் தனியா அனுப்புங்க, பொதுவுல போடாதீங்க. பழைய பத்திரம், பென்ஷன் சீட்டு எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்க. பேரும் எண்ணும் ஒத்துப்போச்சுன்னா மூணையும் நானே கொண்டுவந்து வீட்டுல கொடுக்குறேன். காசு வேண்டாம்.