சூரியன் உதிச்ச பிறகும் கொஞ்ச நேரம் நில்லுங்க

(கிருஷ்ணகிரியில ஒரு வாசகர் கூட்டத்துல பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கு)

எல்லாருக்கும் வணக்கங்க. பின்னாடி வரைக்கும் கேக்குதா? சரி.

இந்தோனேசியாவுல ஜாவா தீவு, அதுல கிழக்குப் பக்கம் புரோமோன்னு ஒரு எரிமலை. போய்ட்டு வந்தவங்க இப்ப நம்ம பக்கமே நெறைய பேர் இருக்காங்க, ஓசூர் கம்பெனிப் பசங்க, மாம்பழக்கூழ் ஏற்றுமதி பண்றவங்க, புதுசா கல்யாணம் ஆனவங்கன்னு. நான் ஆளுங்களை டூர் கூட்டிட்டுப் போறவன்ங்கறதால எல்லாரும் வந்து என்கிட்ட கதை சொல்லுவாங்க. பாதிப் பேர் "அண்ணா, அந்த மாதிரி எடம் பாத்ததே இல்லண்ணா"ங்கறாங்க. மீதிப் பேர் "அட போங்கண்ணா, ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டு, குளிர்ல நிக்க வெச்சு, கூட்டத்துல நசுக்கி, தூசியைத் திங்க வெச்சு அனுப்பிட்டாங்க"ங்கறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நெசம்தான். என்ன வித்தியாசம்னு பாத்தா, முக்கால்வாசி நேரம் ஒண்ணே ஒண்ணுதான், அங்க மலை மேல ராத்திரி தங்கினாங்களா, இல்ல கீழ இருக்கற சுரபயா, மாலாங் மாதிரி ஊர்ல நடுராத்திரி வண்டி ஏறி விடிகாலை சூரியனைப் பாத்துட்டு மத்தியானமே கீழ எறங்கிட்டாங்களாங்கறதுதான். அந்த நடுராத்திரி டூர் எனக்கு ஆகவே ஆகாதுங்க, அதைத் திட்டறதுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்னு வெச்சுக்கோங்க.

மொதல்ல எடத்தைப் புரிஞ்சுக்கணும். நம்ம ஊரு மலை மாதிரி தனியா ஒரு மலை நிக்கறது இல்ல அது. ரொம்ப காலத்துக்கு முன்னாடி அங்க டெங்கர்னு ஒரு பெரிய எரிமலை இருந்திருக்கு, உள்ள இருந்த உருகின பாறைக் குழம்பு வெளிய வந்ததும் அடியில காலியாகி மேல்பாகம் அப்படியே உள்ள இடிஞ்சு விழுந்துடுச்சு. அந்தப் பள்ளம்தான் இப்ப ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு சாம்பல் மணலா கெடக்குது, மணல் கடல்னே பேரு. அந்தப் பள்ளத்துக்குள்ள அப்புறமா சின்னச் சின்ன எரிமலையா முளைச்சிருக்கு. அதுல ஒண்ணுதான் புரோமோ, 2,329 மீட்டர். நீங்க போட்டோவுல பாக்கறீங்களே, முன்னாடி மடிப்பு மடிப்பா பச்சையா அழகா ஒரு மலை, அது புரோமோவே இல்ல! அது பாதோக், அணைஞ்சு போன எரிமலை. புரோமோ அதுக்குப் பக்கத்துல குட்டையா, வாய் அகலமா, சாம்பல் கலர்ல, புகை விட்டுக்கிட்டு இருக்கும். தூரத்துல பின்னாடி கூம்பா நிக்கறது செமேரு, 3,676 மீட்டர், ஜாவாவுலயே உசரம் அதுதான். நடுராத்திரி டூர்ல போனவங்கள்ல பல பேரு பாதோக்கைக் காட்டி இதுதான் புரோமோன்னு ஸ்டேட்டஸ் போட்டிருக்காங்க, பாவம், யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இப்ப சூரிய உதயத்துக்கு வரேன். பெனஞ்சகான்னு ஒரு உச்சி, 2,770 மீட்டர். நம்ம ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் சில்லறைதான், கணக்குப் போட்டுக்கோங்க குளிரு எப்படி இருக்கும்னு. ஜூலை ஆகஸ்ட்ல சில நாள் புல்லு மேல உறைபனியே புடிச்சிருக்கும். நம்மாளுங்க இந்தோனேசியான்னா பாலி மாதிரி வேர்க்கும்னு நெனச்சு அரைக்கை சட்டையோட வந்துடுவாங்க, அங்க கடையில ஜாக்கெட் வாடகைக்குத் தருவாங்க, அது யார் யாரு போட்ட ஜாக்கெட்டோ, அதைப் பத்தி வேணாம். பழைய லேண்ட் குரூசர் ஜீப்புங்க வரிசையா இருட்டுல முட்டிக்கிட்டு ஏறும், மேல போனா எல்லாரும் போனைத் தூக்கிப் புடிச்சிட்டு நிக்கறாங்க, உங்களுக்குத் தெரியறது முன்னாடி இருக்கறவரோட போன்ல தெரியற சூரியன்தான். சூரியன் வந்ததும் கைதட்டறாங்க, செல்ஃபி எடுக்கறாங்க, அடுத்த கால் மணி நேரத்துல மொத்தக் கூட்டமும் ஜீப்பைப் பாத்து ஓடுது ஏன்னா டிரைவர் மணியைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, அவருக்கு அடுத்த எடம் இருக்கு. ஆனா அப்பத்தாங்க வேடிக்கையே ஆரம்பிக்குது. வெயில் மெதுவா பள்ளத்துக்குள்ள எறங்கும், கீழ தேங்கி நிக்கற மூடுபனி மேல படும், பாதோக் மடிப்பு ஒவ்வொண்ணா வெளிச்சத்துக்கு வரும், செமேரு சில சமயம் தூரத்துல ஒரு குபுக்னு சாம்பல் விடும். அப்ப அங்க நின்னு பாக்கறதுக்கு ஆளே இருக்காது.

அப்புறம் மணல் கடல். ஜீப் எறக்கி விட்ட எடத்துலருந்து நடக்கலாம், குதிரையிலயும் போலாம். குதிரைக்காரங்க லுங்கியைத் தோள்ல போத்திக்கிட்டு முகத்தை மூடிக்கிட்டு வருவாங்க. நான் நடக்கத்தான் சொல்லுவேன், ஆனா மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம், அந்தச் சாம்பல் மூக்குல ஏறினா ரெண்டு நாளைக்குத் தும்மல் நிக்காது. கடைசியில சுமார் 250 படிக்கட்டு. மேல ஏறி விளிம்புல நின்னா மொதல்ல தெரியறது புகை இல்லைங்க, சத்தம். ஒரு இரைச்சல், அடியிலருந்து, விடாம. எங்க குழுவுல வந்த ஒரு அம்மா, பாலக்கோடு பக்கம், பாதி வழியிலயே மூச்சு வாங்கி உக்காந்தவங்க, எப்படியோ ஏறி வந்துட்டாங்க, விளிம்புல ஒரு பிள்ளையார் சிலை இருக்கு, அதைப் பாத்ததும் முந்தானையிலருந்து கற்பூரத்தை எடுத்துட்டாங்க. காத்து ஏத்த விடல. "இம்மாம் பெரிய அடுப்பு உள்ள எரியுது, கற்பூரம் எரிய மாட்டேங்குதே"ன்னாங்க. நாங்க எல்லாம் சிரிச்சோம். விளிம்புல பல எடத்துல கைப்பிடி கெடையாது, ஒரு பக்கம் வந்த சரிவு, ஒரு பக்கம் எரிமலை வாய், செல்ஃபி எடுக்கற பசங்களை நான் சட்டையைப் புடிச்சு இழுத்திருக்கேன்.

பிள்ளையார் அங்க எப்படி வந்தாருன்னு கேப்பீங்க. சுத்தி இருக்கற கிராமத்துல டெங்கர் மக்கள்னு இருக்காங்க, ஜாவாவுல பெரும்பாலும் முஸ்லிம்கள், இவங்கள்ல பெரும்பாலானவங்க இந்துக்கள். மணல் கடல் நடுவுல "பூரா லுஹுர் போத்தென்"னு அவங்க கோயில் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை கசடா திருவிழா. பிள்ளை இல்லாத ஒரு தம்பதி, ரோரோ அந்தெங், ஜோகோ செகெர், மலைகிட்ட வேண்டி இருபத்தஞ்சு பிள்ளை பெத்து, கடைசிப் பிள்ளையை மலைக்குத் தரேன்னு சொன்ன வாக்குன்னு கதை. அதுக்காக இன்னைக்கும் காய்கறி, பணம், கோழி, ஆடெல்லாம் எரிமலை வாய்க்குள்ள வீசறாங்க. உள்சரிவுல வேற ஆளுங்க வலையைப் புடிச்சிக்கிட்டு நின்னு வர்றதைப் புடிச்சுக்குவாங்க. இதைப் பாத்துட்டு நம்ம குழுவுல ஒருத்தர், படிச்சவர், "சாமிக்குப் போட்டதை இப்படித் திருடறானுங்களே"ன்னு கொதிச்சாரு. தேர் மேல உப்பும் மிளகும் வீசற ஊர்லருந்து போனவங்க நாம, வீசறதோட நம்ம வேலை முடிஞ்சது, அது யார் கையில விழுந்தா நமக்கென்ன? போட்டவங்களே கோவப்படலைங்க.

ராத்திரி தங்கறதுன்னா செமோரோ லவாங்ங்கற கிராமத்துல தங்குங்க, பள்ளத்தோட விளிம்புலயே இருக்கு. அங்க பகல்ல பாக்க வேண்டியது தோட்டம். நிக்கவே முடியாத சரிவுல உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், வெங்காயம் போட்டிருப்பாங்க. 2010 கடைசியில புரோமோ பொங்க ஆரம்பிச்சு மாசக்கணக்குல சாம்பல் கொட்டிச்சு, வெள்ளாமை போச்சு. அதே சாம்பல் மக்கி மக்கித்தான் அந்த மண்ணுக்குச் சத்து. நம்ம பக்கம் ராகி, துவரை போடறவங்க அந்த மண்ணைக் கையில எடுத்து விடவே மாட்டாங்க, கருப்பா பொலபொலன்னு இருக்கும்.

எங்க குழுவுல கல்லு குவாரியில வேலை பாக்கறவர் ஒருத்தரும் வந்திருந்தாரு. அவரு கேட்டதுதான் எனக்குப் புடிச்ச கேள்வி, "இங்க நெருப்பு வருது, நம்ம ஊர்ல ஏன் வரல?" நம்ம ஊர்லயும் பூமிக்கடியில அந்தக் குழம்பு வந்ததுதாங்க, வயசுதான் வேற. நம்ம மாவட்டத்துலருந்து கருப்பு கிரானைட்டுன்னு லாரி லாரியா போகுதே, அது டோலரைட், பூமிக்கடியில வெடிப்புக்குள்ள ஏறின குழம்பு மேல வராம அங்கயே ஆறி கல்லானது. ஒகேனக்கல் பக்கம் கார்பனடைட்னு ஒரு பாறை இருக்கு, அதுவும் குழம்பா இருந்ததுதான், வயசு சுமார் 240 கோடி வருஷம். சாமல்பட்டி பக்கமும் உண்டு. இன்னைக்கு அந்த மாதிரி கார்பனடைட் குழம்பையே கக்கற எரிமலை உலகத்துல தான்சானியாவுல ஒல் டொய்ன்யோ லெங்காய் ஒண்ணுதான். அதுக்காக நம்ம கிருஷ்ணகிரி கோட்டை மலையை எரிமலைன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஜாவாவுல ஏன் இன்னும் எரியுதுன்னா, பூமியோட மேல்தோடு பெரிய பெரிய தட்டா உடைஞ்சு நகருது, அதுல ஆஸ்திரேலியத் தட்டு கடலுக்கடியில ஜாவாவுக்கு அடியில நுழைஞ்சு எறங்குது, எறங்கும்போது தண்ணியையும் சேத்து இழுத்துட்டுப் போகுது, அந்தத் தண்ணி மேல இருக்கற சூடான பாறையில சேந்தா அது சுலபமா உருகிடும். நாம தட்டோட நடுவுல உக்காந்திருக்கோம், அவ்ளோதான்.

அதே ஜாவாவுல இன்னும் கிழக்கால, பன்யுவாங்கிங்கற ஊருக்குப் போற பக்கம், இஜென்னு இன்னொரு எரிமலை. அதைச் சொல்லாம விட முடியாது. உள்ள பச்சையும் நீலமுமா ஒரு ஏரி, பாத்தா குதிக்கணும் போல இருக்கும், ஆனா பூரா ஆசிட். ராத்திரியில நீல நெருப்பு தெரியும், கந்தக வாயு எரியறது. போனவங்க எல்லாம் நீல நெருப்பைத்தான் பேசுவாங்க. அங்க கந்தகம் வெட்டற ஆளுங்க இருக்காங்க, ரெண்டு மூங்கில் கூடையில எழுபது எண்பது கிலோ, தோள்ல காவடி மாதிரி, அந்தப் புகைக்குள்ளருந்து விளிம்பு வரைக்கும் ஏறி, அப்புறம் மலை எறங்கி வரணும். பல பேருக்கு வாயில ஈரத்துணிதான். அந்தக் கந்தகத்துல ஒரு பங்கு சர்க்கரையை வெளுக்கறதுக்குப் போகுது. நம்ம ஊரு ஆலையிலயும் கரும்புச்சாறை வெளுக்க கந்தகப் புகைதான் விடறாங்க, வெள்ளைச் சர்க்கரை சும்மா வெள்ளையாகல. அந்த ஆளுங்களை நிறுத்தி, கூடையைத் தூக்கச் சொல்லி போட்டோ எடுக்கறவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். வழி விடுங்க மொதல்ல, ஏறி வர்றவருக்கு. கந்தகத்துல பொம்மை பண்ணி விக்கறாங்க, பேரம் பேசாம ஒண்ணு வாங்குங்க. இப்ப அவங்கள்ல சில பேரு தள்ளுவண்டியில நடக்க முடியாத டூரிஸ்டை உக்கார வெச்சு இழுக்கறாங்க, அதை டாக்ஸிங்கறாங்க. அதுல உக்காரலாமா கூடாதான்னு எங்க குழுவுல சண்டையே வந்துச்சு. நான் உக்காரலாம்னு சொல்ற கட்சி. கந்தகம் சுமக்கறதை விட அது மேல்னு அவங்களே சொல்றாங்க.

பயம் இருக்கான்னு வீட்ல கேப்பாங்க. இருக்கு. 2004 ஜூன்ல புரோமோ திடீர்னு வெடிச்சு ரெண்டு பேர் செத்தாங்க. 2021 டிசம்பர்ல செமேரு பொங்கி அம்பது பேருக்கு மேல போய்ட்டாங்க, அடிவாரத்து ஊர்க்காரங்க. அங்க அரசாங்கம் ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் எச்சரிக்கை நிலை வெச்சிருக்கு, புரோமோ ரெண்டுல இருக்கறப்ப வாயிலருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள போகாதீங்கன்னு சொல்லிருவாங்க. அப்ப டிரைவர்கிட்ட எக்ஸ்ட்ரா தரேன் கூட்டிட்டுப் போன்னு பேரம் பேசற ஆளுங்க என் குழுவுக்கு வேணாம், இப்பவே சொல்லிடறேன். மலை மட்டும் ஆபத்து இல்ல, நாமளும்தான். 2023 செப்டம்பர்ல கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்கறேன்னு கலர் புகைக் குச்சி கொளுத்தி, காஞ்ச புல்லு பத்தி, மலைச்சரிவே கருகிப் போச்சு. நம்ம பக்கமும் இப்ப அந்த போட்டோ மோகம் வந்திருக்கு, கேட்டுக்கோங்க.

ஏப்ரல்லருந்து அக்டோபர் வரைக்கும் மழை கம்மி. சனி ஞாயிறு போகாதீங்க, அந்த ஊர்க்கூட்டமே தாங்காது. அங்க... சொல்லுங்கம்மா, என்ன கேக்கறீங்க? முட்டி வலி இருக்கறவங்க போலாமான்னு கேக்கறாங்க. தாராளமா போலாம். செமோரோ லவாங்ல தங்கினா ஓட்டல்லருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே பள்ளத்தோட விளிம்பு, படி ஏற வேண்டாம், ஜீப் வேண்டாம், அதே புரோமோவை உக்காந்தே பாக்கலாம், பக்கத்துல டீக்கடையும் இருக்கும். ஸ்வெட்டர் மட்டும் ரெண்டு எடுத்துக்கோங்க.